பெயர் சொன்னால் கிடைக்க வேண்டும்: நிறுவன மென்பொருளின் அடைவு மரபுகள்

ஓர் ஆலையின் மென்பொருள் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்று உண்டு: அது எங்கே இருக்கிறது? ஸ்டோர்ஸ் இருப்பைச் சொல்லும் தரவுத்தளம் எங்கே? எடைமேடையில் லாரி ஏறி இறங்கியதும் செய்தி போய்ச் சேர வேண்டிய வரிசை எங்கே? சம்பளச் சீட்டை அனுப்பும் மெயில் சர்வர் எங்கே? இந்தத் திரையைத் திறக்க இந்த ஊழியருக்கு அனுமதி உண்டா என்று சொல்லும் பட்டியல் எங்கே?

விடையை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது ஒரு வழி. நிரலில் பெயரை மட்டும் எழுதி, அந்தப் பெயருக்குரிய பொருளை வெளியே ஓர் அடைவில் பதிந்து, வேண்டும்போது கேட்டு வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு நாற்பது ஆண்டு மரபு இருக்கிறது. அதற்குள் பல பள்ளிகள் உண்டு. வென்ற பள்ளியும் உண்டு, தோற்ற பள்ளியும் உண்டு. டைரக்டரி என்று நாம் அன்றாடம் சொல்லும் அந்த அடைவின் மரபுகளை வரிசையாகப் பார்த்து, அவற்றை அளக்கும் தரங்கள் எவை என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. ஓசூர் வட்டாரத்தில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய, நடுத்தர ஆலைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே எழுதப்படும் நிரல் இங்கே ஓடுகிறது. எழுதுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர். எழுதுகிறவர் ஆலையின் சர்வரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஓட்டுகிறவர் நிரலின் ஒரு வரியைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். இந்த இருவருக்கும் நடுவே நிற்கும் ஒப்பந்தம்தான் பெயர். அடைவு மரபின் உயிர் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது என் துணிபு.

எல்லையின் இரு பக்கமும்

வெளிநாட்டுத் தரங்களுக்குப் போகும் முன் நம் மேசை மேல் இருக்கும் ஓர் எண்ணைப் பார்க்கலாம். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஜிஎஸ்டி பதிவு எண் 15 எழுத்தில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் வருமான வரித் துறை கொடுத்த பான். பதின்மூன்றாவது, அதே பானில் அந்த மாநிலத்துக்குள் எத்தனையாவது பதிவு என்பது. கடைசியாக நிற்பது சரிபார்ப்பு எழுத்து. ஓசூரில் ஓர் ஆலையும் அத்திப்பள்ளியில் ஒரு கிடங்கும் வைத்திருக்கும் கம்பெனிக்கு இரண்டு பதிவு எண் இருக்கும். நடுவில் உள்ள பத்து எழுத்து இரண்டிலும் ஒன்றே.

ஒரு நல்ல பெயரமைப்புக்கு வேண்டியதெல்லாம் இந்தப் பதினைந்துக்குள் இருக்கிறது. பெயர் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர் தனி. பிழையாகத் தட்டினால் சரிபார்ப்பு எழுத்து காட்டிக்கொடுக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் மின் இன்வாய்ஸ் கட்டாயமானது. சிப்காட் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் நடுத்தர முதலாளியின் பில்லிங் மென்பொருளும் அன்று முதல் வெளியே ஒரு சேவையைப் பெயர் சொல்லித் தேடிப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அடைவு என்பது பெரிய கம்பெனி விஷயம் என்று ஒதுங்கி நிற்க இனி யாருக்கும் வழியில்லை.

முதல் பள்ளி: பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த டிஎன்எஸ்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற அந்தக் கோப்பைக் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் பராமரித்தது. எலிசபெத் ஃபெயின்லர் அதன் தலைவர். புதிய கணினி சேர்ந்தால் அந்த மையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் கோப்பை எடுத்துப் பிரதி செய்துகொள்வார்கள். வலையமைப்பு வளர வளரக் கோப்பு பெருத்தது, பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 882, 883 ஆகிய இரு ஆவணங்கள் இதற்கு டிஎன்எஸ் என்ற விடையைக் கொடுத்தன. இன்றும் நடைமுறையில் உள்ள வடிவம் 1987இல் 1034, 1035 என்று வந்தது. முழுப் பட்டியலையும் ஒருவர் வைத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையையும் அதற்குரியவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். ".இன்" என்ற கிளையை நிக்சி அமைப்பு பார்க்கிறது. அதன் கீழ் ஒரு கம்பெனி தன் பெயரை வாங்கினால், அதற்குக் கீழே என்ன பெயர் வைப்பது என்று நிக்சியைக் கேட்க வேண்டியதில்லை. தமிழிலேயே ".இந்தியா", ".இலங்கை", ".சிங்கப்பூர்" என்ற கிளைகளும் இந்த மரத்தில் உண்டு.

இந்தப் பள்ளியின் இன்னொரு கொடை, பதிலுக்கு ஆயுள் வைத்தது. ஒவ்வொரு பதிலோடும் அது எத்தனை விநாடி செல்லும் என்ற எண் வரும். 86,400 என்று இருந்தால் ஒரு முழு நாள். சர்வரை இடம் மாற்றப்போகிற நிர்வாகி முன்கூட்டியே அந்த எண்ணைக் குறைத்துவைப்பார். குறைக்க மறந்தால், மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை பாதிக் கணினிகள் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

டிஎன்எஸ்ஸின் எல்லையும் தெளிவானது. பெயர் கொடுத்தால் முகவரி கிடைக்கும். அந்த முகவரியில் இருப்பது என்ன வகைப் பொருள், அதை யார் தொடலாம், எப்படித் திறப்பது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

இரண்டாவது பள்ளி: எக்ஸ்.500 என்ற பெருங்கனவும் எல்டாப் என்ற எளிய வழியும்

அந்தக் கூடுதல் விவரங்களையெல்லாம் சேர்த்துச் சொல்ல எழுந்தது எக்ஸ்.500. உலகத் தொலைத்தொடர்பு அமைப்பும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட தரம் இது. உலகம் முழுவதற்கும் ஒரே மரம்: நாடு, அதற்குள் நிறுவனம், அதற்குள் பிரிவு, அதற்குள் ஆள் அல்லது பொருள். ஒவ்வொரு கணுவிலும் தொலைபேசி எண், மின்னஞ்சல், சான்றிதழ் என்று பண்புகளை ஒட்டிவைக்கலாம். எந்தக் கணுவில் எந்தப் பண்பு வரலாம் என்பதற்கும் இலக்கணம் உண்டு.

கனவு பெரிது, சுமையும் பெரிது. அதற்கு வேண்டியிருந்த ஏழடுக்கு ஓஎஸ்ஐ நெறிமுறை முழுவதையும் தூக்கிக்கொண்டு அன்றைய மேசைக் கணினிகளால் ஓட முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும், ஸ்டீவ் கில்லே, வெங்யிக் யோங் ஆகியோரும் சேர்ந்து எளிய வாசல் ஒன்றைக் கட்டினார்கள். 1993இல் ஆர்எஃப்சி 1487 ஆக வந்த அதுதான் எல்டாப். தொடக்கத்தில் பெரிய அடைவுக்குப் போகும் முன்வாசலாக மட்டும் இருந்தது. 1995 வாக்கில் மிச்சிகனிலேயே அது தனியே நிற்கும் சர்வர் ஆயிற்று. 1997இல் மூன்றாம் பதிப்பு. 2006இல் திருத்திய தரத் தொகுதி. முன்வாசலே வீடாகிவிட்டது என்று சொல்லலாம்.

அலுவலகங்களில் இந்தப் பள்ளி வேரூன்றியது கம்பெனிகளின் வழியாக. நாவெல் 1993இல் நெட்வேர் 4 உடன் தன் அடைவைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2000இல் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரியைக் கொடுத்தது. காலை ஷிப்டுக்கு வரும் சூப்பர்வைசர் கணினியில் தன் பாஸ்வேர்டைத் தட்டும்போது நடப்பதைக் கவனியுங்கள். கணினி முதலில் டிஎன்எஸ்ஸைக் கேட்டு அடைவு சர்வர் எது என்று தெரிந்துகொள்கிறது. கெர்பரோஸ் நெறிமுறை அவர் அவர்தானா என்று பார்க்கிறது. எல்டாப் அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று சொல்கிறது. தனித்தனியே வளர்ந்த பள்ளிகள் ஒரே உள்நுழைவில் கூடி வேலை செய்கின்றன.

எக்ஸ்.500 தோற்றது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அதன் ஒரு பகுதியான எக்ஸ்.509 நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்கும் கம்பெனிப் பதிவுத் துறைக்கும் இயக்குநர்கள் யூஎஸ்பி டோக்கனில் வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் எக்ஸ்.509 வடிவில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்கள் அதை வழங்குகிறார்கள். சான்றிதழைத் திறந்து உரியவர் பெயர் இருக்கும் வரியைப் பாருங்கள். நாடு, நிறுவனம், பெயர் என்று 1988இன் இலக்கணம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது பள்ளி: ஜாவாவின் ஜேஎன்டிஐ

1990களின் பிற்பகுதியில் நிரலர்களுக்கு வந்த சங்கடம் வேறு. எல்டாப் ஒரு வகையில் பேசியது, நாவெல் ஒரு வகையில் பேசியது, கோர்பாவின் பெயர்ச் சேவை இன்னொரு வகை, ஜாவாவின் ஆர்எம்ஐ பதிவேடு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜேஎன்டிஐ என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தது. மேலே நிரலர் பார்ப்பது ஒரே முகம். கீழே எந்த அடைவு என்பதற்கேற்ப ஓர் இணைப்பியைச் செருகிக்கொள்ளலாம். 1999 டிசம்பரில் வந்த ஜே2இஇ 1.2 தரம் இதை நிறுவன மென்பொருளின் நடுத்தூணாக ஆக்கியது. 2000இல் வந்த ஜாவா 1.3இல் அடிப்படை நூலகத்திலேயே சேர்ந்தது. பின்னாளில் நிறுவன ஜாவா எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பெயர்களெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. ஜேஎன்டிஐ அடிப்படை ஜாவாவில் இருந்ததால் தன் பழைய பெயரிலேயே இன்றும் இருக்கிறது.

ஜே2இஇ தரத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி நிரலைப் பற்றியதே இல்லை, ஆட்களைப் பற்றியது. கூறுகளை எழுதுகிறவர், அவற்றைச் சேர்த்துக் கோக்கிறவர், சர்வரில் நிறுவுகிறவர், அன்றாடம் நிர்வகிக்கிறவர் என்று பாத்திரங்களைப் பிரித்து, யார் எதற்குப் பொறுப்பு என்று அது எழுதிவைத்தது. எழுதுகிறவர், "எனக்குக் கிடங்குக் கணக்குத் தரவுத்தளம் ஒன்று வேண்டும், அதை நான் ஜேடிபிசி/கிடங்கு என்ற பெயரில் கேட்பேன்" என்று அறிவித்தால் போதும். அந்தப் பெயர் அவருடைய கூறுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனிப் பெயர். நிறுவுகிறவர் அதை ஆலையின் உண்மையான தரவுத்தளத்தோடு கட்டிவைப்பார். பாஸ்வேர்டு நிறுவுகிறவரிடம் இருக்கும். எழுதியவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஓடும்போது நடப்பது மூன்றே அடி. நிரல் அடைவின் வாசலைத் திறக்கிறது. பெயரைச் சொல்லித் தேடுகிறது. கிடைத்த பொருளிடம் ஓர் இணைப்பைக் கேட்கிறது. அந்தப் பொருள் ஏற்கெனவே திறந்துவைத்த இணைப்புகளின் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறது. வேலை முடிந்ததும் இணைப்பு திரும்பத் தொகுப்புக்கே போகிறது.

இதன் அருமை சர்வர் மாற்றும் நாளில் தெரியும். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஒதுக்குவார்கள். பழைய தரவுத்தளத்தை நிறுத்தி, பிரதியைப் புதிய சர்வரில் ஏற்றிய பிறகு, ஜேஎன்டிஐ பெயர் வைத்துக் கேட்கும் மென்பொருளுக்கு நிர்வாகத் திரையில் ஒரே ஒரு பதிவைத் திருத்தினால் போதும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். முகவரியை நிரலுக்குள் புதைத்து எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தால் அன்றைய பொழுது அதிலேயே போகும். பெரும்பாலும் அது பார்கோடு லேபிள் அடிக்கும் சின்ன நிரலாக இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மூல நிரல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முதல் ஷிப்டில் பெட்டி தயாராக இருக்கும், லேபிள் வராது, டிஸ்பாட்ச் நிற்கும்.

இந்தப் பள்ளிக்கும் குறை உண்டு. ஒரே பொருளுக்கு வெப்லாஜிக் என்ற ஜாவா சர்வர் ஒரு முழுப்பெயர் கொடுக்கும், வெப்ஸ்பியர் ஒன்று கொடுக்கும், ஜேபாஸ் வேறொன்று கொடுக்கும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெயர்களையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில் அதே தரத்தின் பின்னாள் பதிப்பான ஜாவா இஇ 6 வந்து உலகளாவியது, பயன்பாட்டுக்குள்ளானது, தொகுதிக்குள்ளானது என்று பெயர்வெளிகளை ஒழுங்குபடுத்தியபோதுதான் அது தீர்ந்தது. பத்தாண்டு தாமதம். அதற்குள் பலர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

நான்காவது பள்ளி: தேடாதே, கொண்டுவந்து தருகிறேன்

ராட் ஜான்சன் தொடங்கிவைத்த ஸ்பிரிங் கட்டமைப்பின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. நிரல் எதற்காக அடைவைத் தேடிப் போக வேண்டும் என்று இந்தப் பள்ளி கேட்டது. தனக்கு என்ன தேவை என்று நிரல் அறிவிக்கட்டும். கட்டமைப்பு கொண்டுவந்து கையில் கொடுக்கும். சோதனை செய்யும்போது உண்மைத் தரவுத்தளத்துக்குப் பதில் போலி ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது இதனால் எளிதாயிற்று. 2006இன் ஜாவா இஇ 5 இதே வழக்கத்தைத் தன்னிடமும் சேர்த்துக்கொண்டது.

அதே 2004இல் மார்ட்டின் ஃபௌலர் தேடிப் பெறுவதையும் கொடுக்கப் பெறுவதையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டில் எது என்பதைவிட, சேவையை அமைப்பதையும் அதைப் பயன்படுத்துவதையும் பிரித்து வைப்பதே முக்கியம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இரு பள்ளிக்கும் நடுவே நடந்த வாதத்துக்கு இதைவிடச் சரியான தீர்ப்பு இல்லை. ஸ்பிரிங் மென்பொருள்களிலும் தரவுத்தளத்தை ஜேஎன்டிஐ பெயர் வழியாக எடுக்கும் வழக்கம் ஆலைகளில் இன்றும் இருக்கிறது. கையில் கொடுப்பவரும் எங்கிருந்தோ தேடித்தானே எடுத்துவர வேண்டும்.

2011இல் ஹெரோகு நிறுவனத்தார் வகுத்த பன்னிரு நெறிகள் இதன் எளிய முனை: அமைப்பு விவரங்களைச் சூழல் மாறிகளில் வை என்றன. சிறிய பயன்பாட்டுக்கு அது போதும். மாறிகள் நூறைத் தாண்டும்போது, எது யாருடையது என்ற பழைய கேள்வி திரும்பி வரும்.

ஐந்தாவது பள்ளி: நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சேவைகள்

2000இல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய மூன்றும் சேர்ந்து யூடிடிஐ என்ற உலகப் பொதுப் பதிவேட்டை அறிவித்தன. எந்தக் கம்பெனியின் மென்பொருளும் வேறெந்தக் கம்பெனியின் சேவையையும் அங்கே தேடிக் கண்டுபிடித்துத் தானே வணிகம் செய்யும் என்றார்கள். 2006 ஜனவரியில் பொதுப் பதிவேடு மூடப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது. முன்பின் தெரியாதவரிடம் பதிவேட்டைப் பார்த்து மட்டும் உதிரிபாகம் வாங்க யாரும் தயாராக இல்லை. ஓசூரில் எந்த பர்ச்சேஸ் மேலாளரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்.

தேவை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பெரிய மென்பொருள் பல சிறு சேவைகளாக உடைந்தபோது, சேவைகள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து மறைந்தன. யாஹூவில் பிறந்த ஜூகீப்பர், நெட்ஃபிளிக்ஸின் யுரேகா, கோர்ஓஎஸ்ஸின் எட்சிடி, ஹாஷிகார்ப்பின் கான்சல் ஆகியவை அதற்காக எழுந்த பதிவேடுகள். சேவை உயிரோடு இருக்கிறதா என்று இவை ஓயாமல் நாடி பார்க்கும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடும். கூகுள் 2014இல் வெளியிட்ட, சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் இதை உள்ளேயே கொண்டுவந்தது. சேவைகளைத் தேட அது பயன்படுத்துவது டிஎன்எஸ்ஸைத்தான். 1983இல் இட்ட அடித்தளம் இன்னும் பாரம் தாங்குகிறது.

பெரிய அளவில் பெயர் தேடுவதற்கு நம் நாட்டுச் சான்று 2016இல் தொடங்கிய யுபிஐ. மத்திகிரி டீக்கடையில் நாம் பணம் அனுப்பும் முகவரியில் ஒரு பெயர், பிறகு @, பிறகு வங்கி அல்லது செயலியின் குறி. கணக்கு எண்ணோ கிளைக் குறியீடோ அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டாம். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ @-க்குப் பின்னால் இருக்கும் குறியைப் பார்த்து உரிய வங்கியைக் கேட்கிறது. @-க்கு முன்னால் இருக்கும் பெயர் எந்தக் கணக்கு என்பதை அந்த வங்கி சொல்கிறது. கடைக்காரர் தன் முகவரியை வேறு கணக்கோடு இணைத்தாலும் சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டையை மாற்ற வேண்டியதில்லை. பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதும் பெயரை இடத்திலிருந்து பிரிப்பதும் இதில் ஒருங்கே கூடியிருக்கின்றன.

2021 டிசம்பர்: மரபுக்கு வந்த சோதனை

அடைவு மரபைப் பேசுகிறவர் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பேசாமல் விட முடியாது. லாக்4ஜே என்பது ஜாவா நிரல்கள் தங்கள் நடவடிக்கையைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் நூலகம். குறிப்பு வரிக்குள் ஜேஎன்டிஐ பெயர் வந்தால் அதைத் தேடி விடையை அந்த இடத்தில் நிரப்பும் வசதி 2013இல் அதில் சேர்ந்தது. அலிபாபா மேகப் பாதுகாப்புக் குழுவின் சென் சாவோஜுன் 2021 நவம்பர் 24 அன்று ஆபத்தைத் தெரிவித்தார். டிசம்பர் 10க்குள் உலகமே அறிந்தது. தீவிரம் பத்துக்குப் பத்து.

தாக்குதல் நடந்த விதம் எளிது. உள்நுழையும் திரையில் பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் தாக்குபவர் ஓர் எல்டாப் முகவரியை உரிய குறிகளோடு தட்டுவார். அப்படி ஒரு பயனர் இல்லை என்று சர்வர் குறித்துவைக்கும். குறிக்கும்போது அந்த வரிக்குள் இருக்கும் பெயரைத் தேடத் தாக்குபவரின் சர்வருக்கே போகும். அங்கிருந்து வரும் பதில், ஒரு ஜாவா நிரல் துண்டை இறக்கி ஓட்டச் சொல்லும். ஜாவா பொருள்களை எல்டாப்பில் வைப்பதற்கு 1999இல் எழுதிய ஆர்எஃப்சி 2713லேயே நிரல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பண்பு உண்டு. நம்பிக்கைக்குரிய ஆலை அடைவுக்கு என்று வகுத்த வசதி அது. அல்வாரோ முன்யோஸும் ஒலெக்சாண்டர் மிரோஷும் 2016இல் பிளாக் ஹாட் மாநாட்டிலேயே இந்த வழியை விளக்கி எச்சரித்திருந்தார்கள். 2018 முதல் வந்த ஜாவா பதிப்புகள் வெளி நிரலை இறக்குவதைத் தாமாகவே தடுத்தன. பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் திறந்த வாசலாகக் கிடந்தன. வேறு சில வழிகள் புதிய பதிப்புகளிலும் மீதமிருந்தன. லாக்4ஜே 2.16 ஜேஎன்டிஐ தேடலைத் தொடக்கத்திலேயே அணைத்துவைத்து வந்தது.

இதைப் பார்த்து, பெயரைத் தேடும் முறையே ஆபத்து என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஜே2இஇ வகுத்த ஒப்பந்தத்தில் பெயரை எழுதுகிறவர் நிரலர், கட்டிவைக்கிறவர் நிர்வாகி. இருவரும் பொறுப்புள்ளவர்கள். லாக்4ஜே அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லாத மூன்றாமவர் தட்டியதைப் பெயராக ஏற்றுக்கொண்டது. மரபு பிழைபடவில்லை, மரபின் முதல் விதி மீறப்பட்டது.

தரங்கள் ஐந்து

எந்தப் பள்ளியைச் சேர்ந்த அடைவானாலும் அதை அளக்க ஐந்து கேள்விகள் போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது, ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் யார்? ஆள் போனாலும் பொறுப்பு போகாதபடி பதவியின் பேரில் பதிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர் பொருளைச் சொல்கிறதா, இடத்தைச் சொல்கிறதா? எங்கள் ஊரின் அடையாளமே கால்நடைப் பண்ணை. நாட்டில் மாடுகளின் காதில் இப்போது 12 இலக்க எண் பொறித்த வில்லையைப் போடுகிறார்கள். மாடு கொட்டகை மாறலாம், கைமாறலாம். காதில் இருக்கும் எண் மாறாது, பதிவேட்டில் இருக்கும் விவரம் மாறும். கிடங்குக் கணக்கு என்பது அப்படிப்பட்ட பெயர். சர்வர்3_புதியது என்பது கொட்டகை எண். அடுத்த புது சர்வர் வந்ததும் அது பொய்யாகிவிடும்.

மூன்றாவது, பதிலின் ஆயுள் எவ்வளவு? மாற்றம் எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது நிர்வாகிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பெயர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மென்பொருள் எழும்போதே தனக்கு வேண்டிய பெயர்களையெல்லாம் தேடிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் அப்போதே உரக்கச் சொல்லி நின்றுவிட வேண்டும். பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் ஷிப்டில் முதல் சலான் போடும்போது பெயர் இல்லை என்று சொல்லும் மென்பொருள் தரமற்றது.

ஐந்தாவது, கேட்பவரையும் பதிலையும் நம்பலாமா? அடைவோடு பேசும் வழி பூட்டிய வழியாக இருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் உள்ளே வந்து பட்டியலைப் படிக்க யாரையும் விடக் கூடாது. வெளியிலிருந்து வந்த எழுத்து ஒருபோதும் தேடும் பெயராக மாறக் கூடாது. ஆலையின் சர்வர்கள் எந்த வெளி முகவரியோடு பேசலாம் என்று பட்டியல் போட்டு, மற்றதையெல்லாம் ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். 2021 டிசம்பரில் வெளியே போகும் வழியை இறுக்கி வைத்திருந்த ஆலைகளுக்கு அமைப்பு விவரங்களைத் திருத்தவும் பதிப்புகளை உயர்த்தவும் அவகாசம் கிடைத்தது.

இளையவர்களுக்கு

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் படித்து இந்த ஆலைகளின் ஐடி பிரிவுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பள்ளியில் சேர்வது என்று அலைய வேண்டாம். உங்கள் ஆலையில் ஐந்தும் கலந்தே இருக்கும். முதல் வேலையாக உங்கள் மென்பொருள்கள் கேட்கும் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பொருள், எந்த அடைவில் இருக்கிறது, யார் பொறுப்பு, கடைசியாக யார் எப்போது சரிபார்த்தார் என்ற நான்கையும் நிரப்புங்கள். நிரப்ப முடியாத இடங்களில்தான் அடுத்த பழுது காத்திருக்கிறது.

சிறு ஆலை முதலாளிகளிடம் என் வேண்டுகோள் இன்னும் சுருக்கமானது. மென்பொருள் எழுதிக் கொடுப்பவரோடு ஒப்பந்தம் போடும்போது, முகவரியும் பாஸ்வேர்டும் நிரலுக்குள் இருக்கக் கூடாது, வேண்டிய பெயர்களின் பட்டியலைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.